விளக்குக்குப் பின்னால் வள்ளம்

டிசம்பர் 4

விடுதியிலிருந்து முதல் பேருந்தில் வந்தேன். வேம்படித்துறையில் புயல் காற்று நின்றுவிட்டது. மணலெல்லாம் தென்னை மட்டை, தகரம், யாருடையதோ ஒற்றைச் செருப்பு. பெரும்பாலான வள்ளங்கள் திரும்பிவிட்டன. தம்பி ரெமி போன வள்ளம் திரும்பவில்லை. அதில் நான்கு பேர்.

வீடு பூட்டியிருந்தது. அம்மா பேராலயத்தில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் கேட்டாள், "சாப்பிட்டியாட்டி?"

ரெமிக்கு விளக்கு ஏற்றிவிட்டாள்.

டிசம்பர் 5

முன்பு முதுகலை வகுப்பில் கடல் விளக்கு பற்றி ஒரு கட்டுரை வாசித்தேன். பேராசிரியர் பாராட்டினார். அதில் இருந்தது இவ்வளவுதான்:

வள்ளம் திரும்பாவிட்டால் அந்த வீட்டுப் பெண் அடைக்கல மாதா ஓவியத்தின் கீழே ஒரு விளக்கு ஏற்றுவாள். கண்ணாடித் தம்ளர், எண்ணெய், மிதக்கும் திரி. போனவன் திரும்பி வந்தால் அவனே கடல் தண்ணீரில் விரலை நனைத்து அணைக்க வேண்டும். உடல் வந்தால் வீட்டுப் பெண் அணைப்பாள். இரண்டும் நடக்காவிட்டால் அவள் மனது சொல்லும்வரை எரியும். வாயால் ஊதக் கூடாது. விளக்கு அணையாமல் துக்க மணி அடிக்க மாட்டார்கள், இறந்தோர் பூசையும் இல்லை.

கட்டுரையில் 'நம்பிக்கையின் பொருள்வடிவம்' என்று எழுதியிருந்தேன். இன்று விளக்கு வைக்கும் இரும்புச் சட்டத்தில் இடமில்லாத அளவுக்கு விளக்குகள். புகை கண்ணைக் கரிக்கிறது.

அப்பா காய்ச்சலில் கரையில் செத்தார். எங்கள் வீட்டில் யாருக்கும் இதற்குமுன் விளக்கு ஏற்றியதில்லை.

டிசம்பர் 7

ஹெலிகாப்டர் இரண்டு முறை வந்து போனது. பெண்கள் அதைப் பார்த்துச் சேலைத் தலைப்பை ஆட்டினார்கள். அது கடலில் தேட வந்தது, கரையில் நிற்கும் எங்களைத் தேடி வரவில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை.

பேராலய அதிபர் ஃபாதர் லியாண்டர் என்னைக் கூப்பிட்டார். வழிகாட்டியாக இருந்தவர் சொந்தக்காரர்களைத் தேடி கன்னியாகுமரிப் பக்கம் போய்விட்டாராம்.

"டூரிஸ்ட் வண்டிங்க வந்துக்கிட்டேதான் இருக்கும்மா. கதவ மூடவும் முடியாது. நீ இங்கிலீஷும் பேசுவ. கொஞ்ச நாளைக்குச் சுத்திக் காட்டுறியா?"

சரி என்றேன். அம்மாவின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

டிசம்பர் 8

சொல்ல வேண்டியவற்றை மனப்பாடம் செய்தேன்.

பொன் தகடு ஒட்டிய பெரிய பீடம். தந்தத்தில் செதுக்கிய இயேசு. விலா எலும்புகள் ஒவ்வொன்றும் தெரியும், கால் நகம்கூட. வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். காலை வெயிலில் தரை நீலமும் சிவப்புமாகக் கிடக்கும். கூரையைக் கட்டியவர்கள் வள்ளம் கட்டும் ஆசாரிகள், அதனால் அண்ணாந்து பார்த்தால் கவிழ்த்த வள்ளம் போல இருக்கும்.

கடைசியாக, வடக்குச் சுவரில் அடைக்கல மாதா. மூன்று பலகைகளைச் சேர்த்து வரைந்த ஓவியம். போர்த்துகீசியர் காலம், வரைந்தவர் பெயர் தெரியாது. தலைமுறை தலைமுறையாக விளக்குப் புகை ஏறி, மாதாவின் முகம் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. கீழ்ப்பாதி முழுக் கறுப்பு. அந்தக் கறுப்பில், விளக்குகளுக்கு நேர் பின்னால், ஒரு வள்ளம் இருக்கிறது. மாதா கை நீட்டி அதைக் காப்பாற்றுகிறாள். ஊரில் எல்லாருக்கும் தெரியும். பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை.

வெளியே படக்கடையில் விற்கும் மாதா படத்தில் வள்ளம் உண்டு. சிவகாசி அச்சு. எஞ்சின் மட்டும்தான் இல்லை.

டிசம்பர் 9

ரெமியோடு போனவர்களில் இரண்டு பேரின் உடல் வந்தது. இரண்டு விளக்குகள் அணைந்தன. பெயர் எழுத விருப்பமில்லை.

டிசம்பர் 13

கோயம்புத்தூர்க் குடும்பம். அண்ணாந்து கூரையைப் பார்த்த அந்த அம்மா கேட்டார், "இது என்னங்க, ஏதோ ஒண்ணக் கவுத்து வச்ச மாதிரியே இருக்குதுங்களே?"

"கூரைதான்" என்றேன்.

இனி அந்த வரியைச் சொல்லப்போவதில்லை.

விளக்குகளைப் படம் எடுக்கலாமா என்று அவர் கணவர் கேட்டார். எடுத்தார். ஃபிளாஷ் அடித்தபோது அம்மா திரும்பிப் பார்த்தாள். திரியைத் தூண்டிவிட்டு மறுபடி செபமாலையில் இறங்கினாள்.

டிசம்பர் 16

சந்தக்குரூஸ் அண்ணன் வந்துவிட்டார். ரெமியின் வள்ளத்தில் போனவர்.

சரக்குக் கப்பல் ஒன்று தூக்கிக் கொச்சியில் இறக்கியிருக்கிறது. போன் இல்லை, பேச்சும் இல்லை. ஆஸ்பத்திரியில் கிடந்து, பிறகு பஸ் ஏறி வந்து சேர்ந்திருக்கிறார். ஊரே பேராலயத்துக்கு ஓடியது. அவர் மனைவி அவரைக் கன்னத்தில் அறைந்தாள், பிறகு கட்டிப்பிடித்தாள், மறுபடி அறைந்தாள். "பஸ்ஸுக்குக் காசு குடுத்தவன்ட்ட போனக் கேக்கத் தெரியாதாலே ஒனக்கு?" எல்லாரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். அவர் விரலை நனைத்துத் தன் விளக்கைத் தானே அணைத்தார். விரலிலிருந்து சொட்டிய தண்ணீரில் பக்கத்து விளக்கு அணையப் பார்த்தது. அது எங்களுடையது. அம்மா கை வைத்து மறைத்துக்கொண்டாள்.

எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். ஒருவர் வந்தால் இன்னொருவரும் வரலாம். கப்பல்கள் நிறைய.

அவரிடம் பேசவில்லை. கூட்டமாக இருந்தது.

டிசம்பர் 19

மாலையில் சந்தக்குரூஸ் அண்ணன் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று செருப்பைக் கழற்றினார். நான் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனேன். குழாயடியில் கூட்டமே இல்லை. இருந்தாலும் நேரமாகிவிட்டது.

திரும்பியபோது அவர் இல்லை. அம்மா மீன் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சட்டி ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அம்மாவால் தாங்க முடியாது.

டிசம்பர் 25

ஊரில் யாரும் நட்சத்திரம் கட்டவில்லை. அம்மா இரண்டு தட்டு வைத்தாள். மறதி. மூன்றாவது தட்டை நான் எடுத்து வைத்தேன். அம்மா அதைப் பார்த்தாள். சோறு போட்டாள். பிறகு காக்கைக்கு வைத்தாள்.

டிசம்பர் 30

அம்மா மீன் விற்கப் போக ஆரம்பித்துவிட்டாள். வீட்டில் இருந்தால் யோசனை வரும், அதனால்தான். பேராலயத்துக்கு வர நேரமில்லை என்கிறாள். விளக்குக்கு இனி நான் எண்ணெய் ஊற்றுகிறேன். அம்மாவுக்காக.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஒருவர் ஏற்றிய விளக்கை இன்னொருவர் பார்த்துக்கொள்வது மரியாதை.

ஜனவரி 6

ஓவியத்தைச் சுத்தம் செய்யச் சென்னையிலிருந்து ஆள் வந்திருக்கிறார். புயலுக்கு முன்பே முடிவான ஏற்பாடு. பெயர் சாருமதி. என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். சாரம் கட்டி மேலே ஏறி, குச்சியில் பஞ்சு சுற்றி வாயில் வைத்து நனைத்து, அந்த எச்சிலால் பலகையைத் துடைக்கிறார். பஞ்சு கறுப்பாகிறது. அடுத்த பஞ்சு.

"எச்சிலா?" என்று கேட்டேன்.

"இதைவிட மென்மையான மருந்து கிடையாதுங்க. பழைய அழுக்கை எடுக்கும், வண்ணத்தைத் தொடாது. நான் காலையில காப்பிகூட குடிக்கிறதில்ல."

வீட்டில் சொன்னேன். அம்மா கையை உதறினாள். "மாதாவ எச்சி தொட்டா துடைக்கா? அவளுக்கு வாய் வேகும்." கொஞ்ச நேரம் கழித்து, "பிள்ளைக்கு மூஞ்சில ஒட்டுனத அப்படித்தான துடைப்போம்" என்றாள்.

யார் முகத்தை நினைத்துச் சொன்னாள் என்று தெரிந்தது. எழுந்து பாத்திரம் கழுவினேன்.

ஜனவரி 11

மாதாவின் முகம் வெளியே வந்துவிட்டது. கறுப்பு மாதா இல்லை. கோதுமை நிறம், இடது கன்னத்தில் ஒரு வெடிப்பு, பார்வை கீழ்நோக்கி. பூசை முடிந்து பெண்கள் சாரத்தின் கீழே கூடிவிட்டார்கள்.

"இது நம்ம மாதா இல்ல. இவ யாரோ."

"நல்லா வெள்ளையடிச்சு வச்சிருக்கா."

"ஏ அம்மா, மேல இருக்கவளே! கீழ வள்ளத்தயாவது ஒழுங்கா வையி. எஞ்சின கழட்டிட்டுப் போயிராத!"

சாருமதி மேலிருந்து கும்பிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. இந்த ஊரில் நான் கடைசியாக எப்போது சிரித்தேன் என்று யோசித்தேன். பிறகு அந்த யோசனையை நிறுத்தினேன்.

ஜனவரி 20

சட்டத்தில் இப்போது எங்கள் விளக்கு மட்டும். மற்ற வீடுகளில் மனது சொல்லிவிட்டது. மணி அடித்தது, பூசை நடந்தது, அரசாங்க அதிகாரிகள் வந்து போனார்கள். எல்லாருக்கும் அவசரம்.

திரியை ரொம்பச் சின்னதாக வெட்டிவிட்டேன். எண்ணெயையும் மாற்றினேன். புகை வருவதே இல்லை. ஓவியத்துக்கு ஆபத்து என்று யாரும் சொல்ல முடியாது.

ஃபாதர் லியாண்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டொமிலா, இந்த விளக்கப் பத்தி..."

"அம்மாகிட்ட பேசுங்க ஃபாதர்."

"அம்மாகிட்ட பேசியாச்சும்மா. அதனாலதான் உன்கிட்ட வந்தேன்."

சுற்றுலா வண்டி ஒன்று வந்து நின்றது. எழுந்து போய்விட்டேன். ஃபாதர் நல்லவர்தான். அவருக்கு அம்மாவைத் தெரியாது.

ஜனவரி 24

கடைத்தெருவில் ரெமி நடந்து போனான். பச்சைச் சட்டை, முதுகில் அந்தத் தையல் பிரிவு. நான் கத்தவில்லை. ஓடினேன். அவன் திரும்பினான். சந்தக்குரூஸ் அண்ணன்.

"உங்கம்மாதான் குடுத்தாங்க தங்கச்சி. வேண்டாம்னுதான் சொன்னேன்" என்றார். அவர் உள்ளங்கைகளில் கயிறு அறுத்த தழும்புகள் இன்னும் சிவப்பாக இருந்தன. ஏதோ சொல்ல வாய் எடுத்தார். நான் வேறு தெருவில் திரும்பிவிட்டேன்.

அவர் எல்லாவற்றையும் கடலில் விட்டுவிட்டு வந்தவர். உடுக்கத் துணி வேண்டும். ரெமி வந்தால் புதிது எடுத்துக்கொள்ளலாம். அம்மா அப்படித்தான் நினைத்திருப்பாள்.

ஜனவரி 25

பெட்டியில் ரெமியின் துணி எதுவும் இல்லை.

பிப்ரவரி 2

மெழுகுதிரித் திருநாள். சாருமதி என்னைச் சாரத்தில் ஏற்றினார். முதல் முறையாக ஓவியத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தேன்.

நீலம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தும் அந்த ஓவியத்தில் நீலம் இருப்பது எனக்குத் தெரியாது. மாதாவின் மேலாடை, அதற்குக் கீழே கடல் தொடங்கும் இடம், அலை விளிம்பில் வெள்ளைக் கோடுகள். வலது கை கறுப்பை நோக்கி நீண்டிருக்கிறது. மணிக்கட்டு வரை சுத்தம். விரல்கள் இன்னும் புகைக்குள்.

"இன்னும் ஒரு முழ அகலம்தான். வள்ளம் இருந்தா அங்கதான் இருக்கணும்" என்றார் சாருமதி.

"இருக்கும்."

"பார்க்க ஆசையா இருக்கா?"

"கலை வரலாற்று ஆர்வம்."

அவர் என்னைப் பார்த்தார். "டொமிலா, அந்த விளக்கு எரியுறவரைக்கும் என்னால அங்க கை வைக்க முடியாது. சூட்டுல வண்ணம் செதில் செதிலா எழும்பி நிக்குது. பஞ்சு பட்டா உதிரும். நீங்க படிச்சவங்க, உங்களுக்குப் புரியும்."

"எனக்குப் புரியுது. அம்மாவுக்குப் புரியாது."

வள்ளத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று வழி முழுக்க யோசித்தேன். ஒருவன் எழுந்து நின்று கை காட்டிக்கொண்டிருப்பான். மெலிந்தவன்.

பிப்ரவரி 10

எண்ணெய் ஊற்றினேன். அம்மாவுக்காக.

பிப்ரவரி 13

பல்கலைக்கழகத்திலிருந்து அழைத்தார்கள். எப்போது திரும்புவேன் என்று கேட்டார்கள். அம்மா விளக்கை விட மாட்டேன் என்கிறாள், தனியாக விட முடியாது என்றேன். போனை வைத்தபோது அம்மா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

பிப்ரவரி 18

சாம்பல் புதன்.

பூசை முடிந்து எல்லாரும் நெற்றியில் சாம்பலோடு வெளியே போனார்கள். நான் எண்ணெய்ப் புட்டியோடு வடக்குச் சுவருக்குப் போனேன். அம்மா முன்பே அங்கே நின்றிருந்தாள். கையில் பால் செம்பு. அதில் கடல் தண்ணீர்.

"ஊத்தாத" என்றாள்.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும்மா."

"யாருக்காவட்டி ஊத்துத?"

"ஒனக்காவத்தான்."

அம்மா சிரித்தது போல இருந்தது. "நான் ஒனக்காவல்லாட்டி விட்டு வச்சிருக்கேன்."

சாரத்தில் யாரும் இல்லை. சாருமதி இறங்கி எங்கேயோ போயிருந்தார்.

"சந்தக்குரூஸ் அன்னைக்கு எல்லாத்தயும் சொல்லிட்டான். நீ கொடத்தத் தூக்கிட்டுப் போயிட்ட. இப்ப நில்லு. கேளு."

"வேண்டாம்மா."

"கேளு. வள்ளம் கவுந்து, ரெண்டு பேரும் ஒரே கயித்தப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்திருக்கானுவ. ரெண்டாவது நாளு ஒன் தம்பிக்குக் கை மரத்துப் போச்சு. இவன் தன் கைலியக் கிழிச்சு அவன் மணிக்கட்டயும் கயித்தயும் சேத்துக் கட்டியிருக்கான். விடியுமுன்ன பாத்தா கட்டு மட்டும் இருந்துச்சாம். அவிழ்க்கல, நழுவிட்டு. கைய உருவுற அளவுக்கு மெலிஞ்சிட்டான், எம்புள்ள."

அம்மா அழவில்லை. எனக்குச் சொல்வதற்காக முன்பே எங்கேயோ அழுது முடித்துவிட்டு வந்தவள் போல இருந்தாள்.

"கப்பல்காரன்..." என்றேன். "வேற கப்பல் ஏதாவது..."

"இல்ல மக்கா."

செம்பை என் கையில் கொடுத்தாள்.

"நீ அணைம்மா" என்றேன். "நீதான ஏத்துன."

"நான் அணைச்சா நீ நாளைக்கே இன்னொண்ணு கொளுத்துவ. எனக்குத் தெரியாதா ஒன்ன. நீயே அணை. எப்பம் முடியுதோ அப்பம்."

போய்விட்டாள். சாம்பல் பூசிய நெற்றியோடு, மீன் கூடையை எடுத்துக்கொண்டு.

பிப்ரவரி 19

எண்ணெய் ஊற்றவில்லை. அணைக்கவும் இல்லை.

எண்ணெய் தீர்ந்து அதுவாகவே அணைந்துவிட்டால், யாரும் அணைத்ததாக இருக்காது. மணி அடிக்க முடியாது. அதற்கு வழக்கம் எதுவும் இல்லை. இன்று முழுவதும் அந்த யோசனைதான்.

பிப்ரவரி 20

திரி தம்ளரின் அடியைத் தொட்டுவிட்டது. சுடர் சின்னதாகி, நீலமாகி, சடசடத்தது. நான் புட்டியைக் கொண்டு வரவில்லை. ஓடிப்போய் எடுத்து வர நினைத்தேன். எழுந்தும்விட்டேன்.

மணிக்கட்டு. கைலித் துணியின் கட்டு. நழுவிப்போனதை அவன் உணர்ந்திருப்பானா. இருட்டில் 'அண்ணே' என்று கூப்பிட்டிருப்பானா. சந்தக்குரூஸ் அண்ணன் தூங்கியிருப்பார். தூங்கியதற்காக அவரை ஒவ்வொரு நாளும் வெறுத்திருக்கிறேன், எதற்கு என்று தெரியாமலே.

அது தானாக அணைந்தால் அவன் தனியாகப் போனது போலவே ஆகிவிடும். யாரும் பார்க்காமல்.

செம்பில் விரலை நனைத்தேன். இரண்டு விரல்களால் திரியைப் பிடித்தேன். சுட்டது. விடவில்லை.

பெயரைச் சொல்ல வேண்டும் என்பது வழக்கத்தில் இல்லை. சொன்னேன்.

மணியடிக்கும் கோயில்பிள்ளை எங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தாரோ. மணி அடிக்க ஆரம்பித்தது. கரை வரைக்கும் கேட்கும். அம்மா மீன் விற்கும் இடம் வரைக்கும் கேட்கும்.

பிப்ரவரி 23

பூசை. வெறும் பெட்டி. உள்ளே வைக்க அவன் துணி எதுவும் வீட்டில் இல்லை. சந்தக்குரூஸ் அண்ணன் பச்சைச் சட்டையைத் துவைத்து மடித்துக் கொண்டு வந்து நின்றார். முதுகுத் தையலை அவர் மனைவி தைத்துவிட்டிருந்தாள். வாங்கிக்கொண்டேன். அவர் கையையும் பிடித்துக்கொண்டேன்.

மார்ச் 3

காலையிலிருந்து ஊர் முழுக்க வடக்குச் சுவரின் முன்னால். சாருமதி கடைசிப் பஞ்சைக் கீழே போட்டார். மாதாவின் விரல்கள் தெரிந்தன. விரல்களுக்குக் கீழே நீலம், அதற்குக் கீழே பச்சை கலந்த நீலம், வெள்ளைக் கோடுகள், பலகையின் விளிம்பு வரைக்கும் கடல்.

வள்ளம் இல்லை.

கூட்டம் முன்னால் நெருங்கியது. பிறகு எல்லாரும் பேசினார்கள். துடைத்தே அழித்துவிட்டாள் என்றார் ஒருவர். சாருமதியின் கண் நிறைந்திருந்தது. பஞ்சுகள் எல்லாவற்றையும் விரித்துக் காட்டினார். கறுப்பைத் தவிர எந்த வண்ணமும் அதில் இல்லை. ஊர்க் கமிட்டித் தலைவர் ஃபாதரிடம் சொன்னார், "சின்னதா ஒரு வள்ளம் வரைஞ்சிரச் சொல்லுங்க சாமி. ஓரமா." சாருமதி தலையை ஆட்டினார். "இல்லாததை நான் வரைய முடியாதுங்க."

எத்தனை தலைமுறைப் பெண்கள். எத்தனை விளக்குகள். எல்லாம் ஒரு காலிக் கடலின் முன்னால். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். மீன் கூடை இடுப்பில் இருந்தது. வெகுநேரம் பார்த்தாள்.

"வள்ளத்தக் காணும்" என்றாள். "மாதா கரை ஏத்தியிருப்பாவ."

கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். வெயில் ஏறினால் மீன் கெட்டுவிடும்.

மார்ச் 9

நாளை மறுநாள் விடுதிக்குத் திரும்புகிறேன். பழைய வழிகாட்டி வந்துவிட்டார். கடைசி வண்டியை மட்டும் நானே கூட்டிப்போனேன்.

பீடம். தந்த இயேசு. ஜன்னல்கள். அண்ணாந்து பார்க்கச் சொல்லி, கவிழ்த்த வள்ளம் போல இருக்கும் என்றேன். அந்த வரியை முழுதாகச் சொன்னேன்.

அடைக்கல மாதாவின் முன்னால் ஒரு பெண் கடையில் வாங்கிய படத்தையும் சுவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். கையில் குழந்தை.

"மேடம், இதுல வள்ளம் இருக்கு. அங்க எங்க?"

அம்மா சொன்னதைச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்கு அம்மாவின் வாய் வேண்டும்.

"இல்லை" என்றேன்.

அவள் நம்பாமல் இன்னும் கிட்டே போய்த் தேடினாள். நானும் அவளோடு தேடினேன்.